கடைசி ஆள் வருமுன்னே



நம் தமிழ் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரமாக ஒரு தாள் தொங்குகிறது. வரும் பொங்கல் விழாவையொட்டி நடைபெறவிருக்கும் விளையாட்டுப் போட்டிகளின் விதிகள் அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. கோலப் போட்டிக்கும் கயிறு இழுப்புக்கும் வகுத்த விதிகளோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இவ்வாண்டு புதிதாக ஒரு போட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலில் நீந்தி, கரையேறி மிதிவண்டி ஓட்டி, அதன்பின் கால்நோக ஓடி முடிக்கும் முப்போட்டி. ‘டிரையத்லான்’ என்று உலகம் அழைப்பது இதைத்தான். அதற்கு வகுத்த விதிகளில் ஏழாவதும் எட்டாவதும் என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டன.

ஏழாவது விதி சொல்கிறது: “வண்டி பழுதாகியோ பிற காரணத்தாலோ வழியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவர்.” எட்டாவது விதி சொல்கிறது: “போட்டியாளர் ஒருவர் மற்றொருவருக்கு எவ்வகையிலேனும் உதவினால் இருவரும் நீக்கப்படுவர்.”

இவ்விரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று வாதாடவே எழுதுகிறேன். “உனக்கென்ன இதில் இவ்வளவு அக்கறை?” என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சென்ற பிப்ரவரித் திங்களில் இவ்வூரில் சிலர் கூடி நடத்திய இத்தகைய போட்டி ஒன்றின் முடிவுப் பட்டியலில், என் பெயருக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. நான் முடித்தேன். எல்லாருக்கும் கடைசியாக முடித்தேன், ஆனால் முடித்தேன். அந்த ஒரு சொல்லுக்கும் எனக்கும் உள்ள வழக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்தவன் நான். கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்ற ஆசையால் சென்னையில் கப்பலேறி, மூன்று நாள் குமட்டலுக்குப்பின் இங்கே இறங்கி, இரண்டாண்டுகள் ஆகின்றன. ஷாதிபூரில் ஒரு மாடியறையில் குடியிருக்கிறேன். ‘ஷாதி’ என்றால் இந்துஸ்தானியில் திருமணம். இத்தீவு தண்டனைக் குடியிருப்பாக இருந்த நாளில், மணம் புரிந்துகொள்ள இசைவு பெற்ற கைதிகள் குடும்பமாய்க் குடியேறிய இடம் என்பதால் இப்பெயர் வந்தது என்பர். கைவிலங்கோடு வந்தவர்கள் கைத்தலம் பற்றிய இடம்! இன்று இங்கே தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்துஸ்தானியும் ஒரே தண்ணீர்க் குழாயடியில் சண்டையிட்டு ஒரே தேநீர்க் கடையில் சமாதானம் ஆகின்றன.

ஊரோ ஏற்றமும் இறக்கமும். போர்ட் பிளேர் என்ற பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. மாறாதவை அதன் மேடுகள். மிதிவண்டி பழக இதைவிடக் கொடிய ஆசான் கிடையாது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் ஒன்பது வயதுச் சிறுமியாய் மரத்தைப் பற்றி உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்டும், 2018-இல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற ஈசோ ஆல்பனும் இத்தீவுக் கூட்டம் தந்த மிதிவண்டி வீரர்கள் அன்றோ! அவர்கள் காற்றைக் கிழித்துப் பழகிய தீவுகளில், நானும் பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். அவர்களுக்கும் எனக்கும் உள்ள ஒற்றுமை அவ்வளவே.

முப்போட்டியின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1974-இல் அமெரிக்காவின் சான் டீகோ நகரில் தோன்றியது. 1978 பிப்ரவரியில் ஹவாயில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் என்பவர் ஒரு பந்தயம் கட்டினார்: 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, அதன்மேல் 42 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில்! பதினைந்து பேர் புறப்பட்டார்கள், பன்னிருவர் முடித்தார்கள். அன்று முன்னணியில் ஓடிய ஜான் டன்பாருக்குத் துணைவந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோகவே, கையில் இருந்த பீரைக் கொடுத்தார்கள். மனிதர் தள்ளாடித் தள்ளாடி இரண்டாவதாக வந்து சேர்ந்தார். இந்த விளையாட்டு பிறக்கும்போதே இடறலோடுதான் பிறந்தது என்பதற்காக இதைச் சொன்னேன். மூன்று கலைகள், மூன்று கருவித் தொகுதிகள், நடுவே உடைமாற்றம். இடறுவதற்கு இத்தனை வாசல்களைத் திறந்து வைத்திருக்கும் விளையாட்டு வேறொன்று உண்டா?

என் போட்டி அவ்வளவு பெரியதன்று. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். வெளியார் எவரும் போட்டியாளருக்கு உதவக்கூடாது என்பது விதி. இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை.

காலை ஆறு மணிக்குத் தொடக்கம். இந்திய நேரம் கணக்கிடப்படும் நெடுவரைக்கு நாம் பத்து பாகைக்கு மேல் கிழக்கே இருப்பதால், கதிரவன் நம் கடிகாரத்தை விட நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறான் அல்லவா? ஆறு மணிக்கே வெளுத்துவிட்டது. கடலில் இறங்கி நூறு மீட்டர் போயிருக்கமாட்டேன். கண்ணாடியின் பட்டை அறுந்தது. உப்புநீர் கண்ணில் ஊசியாய் ஏறிற்று. தலையை நீருக்கு மேல் தூக்கியபடி நாய் நீந்துவது போல நீந்தினேன். மிதவை இருக்கும் பக்கம் நோக்கித்தான் நீந்துகிறேன் என்று நான் எண்ணிக்கொண்டிருக்க, வற்றுநீர் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். ஓதம் ஓங்கி நிற்கும் நாள். என் அறைச் சுவரில் ஓத அட்டவணை தொங்குகிறது. ஆய்வுக்காக நானே ஒட்டியது. ஆய்வுக்குப் பார்ப்பேன், போட்டிக்குப் பார்க்கத் தோன்றவில்லை!

திரும்பும் வழியில் இடது முன்கையில் சுரீர் என்று ஒரு கொட்டு. ‘சொறி’ என்று எங்கள் கரைப் பரதவர் சொல்லும் இழுதுமீன். நண்பர்களே, இனி வருவதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. இழுதுமீனின் கொட்டணுக்களைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன் நான். தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத அணுக்கள் நன்னீர் பட்டால் வெடிக்கும்; ஆகவே நன்னீரால் கழுவக்கூடாது, துணியால் தேய்க்கக்கூடாது. இது எனக்குத் தலைகீழ்ப் பாடம். கரையேறியதும் என்ன செய்தேன்? குடிநீர்ப் புட்டியைத் திறந்து கையில் கொட்டி, துண்டால் நன்றாகத் தேய்த்தேன்! அடுத்த இருபது நிமிடமும் என் முன்கை எனக்குச் சொன்ன பாடத்தை எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை.

ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு வண்டியை மிதித்தேன். அபர்டீன் பஜார் தாண்டி ஏறி இறங்கிப் பாதி வழி வந்தாயிற்று. பாதை எங்கள் ஷாதிபூரைத் தொட்டுச் செல்கிறது. என் தெருமுனை மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் பெருமூச்சு விட்டது. பஞ்சர்.

பார்த்தீர்களா, எங்கே நடந்தது என்று? எங்கள் தெரு மிதிவண்டிக் கடைக்கு எதிரில்! கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் கடையின் முன்தான் உட்கார்ந்திருப்பார். அவருடைய தந்தை காலத்தில் திருவாடானைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். என்னைக் கண்டதும் கைப்பம்பும் டியூபுமாக எழுந்து வந்துவிட்டார்.

“வேண்டாம் அண்ணே,” என்றேன்.

“ஏன் தம்பி, காசா கேட்டேன்?”

“அதில்லண்ணே. வெளியாள் உதவினா என்னைய எடுத்திருவாங்க.”

அவர் என்னைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். “என்னப்பா இது? பம்பு இருக்கு, காத்து இருக்கு, நானும் இருக்கேன். வேணாங்கிற! முந்தா நாளே சொன்னேன்ல, டயரு தேஞ்சிருக்கு, மாத்திக்கன்னு?”

சொன்னார். உண்மை. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஆறடி தூரமும் ஒரு விதியும். தெரு கூடிவிட்டது. மேல்வீட்டு வங்காள அம்மையார் எலுமிச்சம்பழச் சாறு கொண்டுவந்தார், அதையும் மறுத்தேன். குழந்தைகள் எனக்காகக் கைதட்டினார்கள். அதை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

அப்போதுதான் நிக்கோபார் இளைஞர் ஒருவர் இரண்டாவது சுற்றில் அவ்வழியே வந்தார். அவர் அப்போது மூன்றாம் இடத்தில் இருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நிறுத்தினார். இந்துஸ்தானியில் ஒரே கேள்வி: “டியூப் இல்லையா?” இருக்கைக்கு அடியில் கட்டியிருந்த பையை அவிழ்த்து, டியூபையும் விரலளவுப் பம்பையும் என் மடியில் போட்டார். டயரைக் கழற்றத் தெரியாமல் நான் விழிப்பதைக் கண்டு, இறங்கி, நெம்புகோலை எப்படிச் செருகுவது என்று ஒரு பக்கம் காட்டினார். “பம்பை முடிவில் கொடு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நின்றது இரண்டு மணித்துளி இருக்கும். அவர் நான்காவதாக வந்தார். மூன்றாமவருக்கும் அவருக்கும் இடையே இருந்த இடைவெளி ஒரு மணித்துளிக்கும் குறைவு. பரிசு மூவருக்குத்தான்.

நான் அவ்விடத்தில் நின்றது மொத்தம் பத்தொன்பது நிமிடம். அதன்பின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி ஓடினேன், பாதி நடந்தேன். எட்டு முப்பத்து நான்குக்கு முடிவிடத்தை அடைந்தபோது அங்கே கோடு இல்லை. கயிற்றையும் துணிப் பதாகையையும் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாரும் வந்தாயிற்று என்று யாரோ எண்ணிக்கையில் தவறிவிட்டாராம். சாலையோரக் கல்லில் ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தார். நிக்கோபார் நண்பர்தான். என்னைக் கண்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இரண்டு மணி முப்பத்து நான்கு,” என்றார். “ஏன் போகவில்லை?” என்று கேட்டேன். “பம்பு வேண்டுமே,” என்றார்.

நிற்க.

என் மீது எனக்கே இரக்கம் தேடிக்கொள்ள இதை எழுதவில்லை. அன்று மாலை கணக்குப் பார்த்தேன். கண்ணாடிப் பட்டை வெடித்திருந்ததை நான் முன்பே கண்டிருக்கிறேன். ஓதம் என் சுவரிலேயே தொங்கிற்று. டயரைப் பற்றிக் கடைக்காரர் எச்சரித்தார். மாற்று டியூப் வாங்கச் சோம்பினேன். இழுதுமீன் ஒன்றுதான் எனக்கு முன்னறிவிப்பின்றி வந்தது. அதற்கும் மருந்து என் மூளையில் இருந்தது. ‘விபத்து’ என்றும் ‘விதி’ என்றும் நாம் பெயர் சூட்டும் பலவற்றின் உண்மைப் பெயர் நேற்றைய சோம்பல். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி பழுதானால் மாற்றுக் கருவி எங்கே என்று முதல் நாளே கேட்கிற நாம், நம் உடம்பையே கருவியாக்கிப் புறப்படும் நாளில் மட்டும் தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடுகிறோம். விதிக் குழுத் தோழர்கள் ஏழாவது விதியை எழுதியபோது இதைத்தான் நினைத்திருப்பார்கள்: ஆயத்தமில்லாதவனைத் தண்டிப்போம் என்று. அவர்கள் நினைத்தது தவறன்று.

ஆனால் தண்டனை ஏற்கெனவே கிடைத்துவிட்டதே! பத்தொன்பது நிமிடம் இழந்தவன் பத்தொன்பது நிமிடம் பின்னால்தான் வருவான். கடிகாரத்தை விடக் கண்டிப்பான நீதிபதி யார்? அவன் இழந்த நேரத்தையும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய ஓட்டத்தையும் ஏன் பறிக்கிறீர்கள்? தொழில்முறை வீரனுக்குப் பயிற்சியாளர் உண்டு, பழுதுபார்ப்பவர் உண்டு, அடுத்த மாதம் இன்னொரு போட்டி உண்டு. பகுப்பாய்வு ஏடும் விடுதிக் கட்டணமும் தலைக்கு மேல் இருக்க, விடியலில் எழுந்து பழகிய மாணவனுக்கு ஆண்டுக்கு ஒரு நாள்தான். அவன் முதல் பரிசுக்கு வரவில்லை. முடிக்க வருகிறான்.

1982 பிப்ரவரியில் அதே ஹவாய்ப் போட்டியில் ஜூலி மாஸ் என்ற மாணவி கலந்துகொண்டார். வயது என் வயதுதான், இருபத்து மூன்று. உடற்பயிற்சி இயங்கியலில் தம் பட்டப்படிப்பு ஆய்வேட்டுக்குச் செய்தி திரட்டவே வந்தவர். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் கால்கள் அவரைக் கைவிட்டன. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில கெஜம் இருக்கையில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே இருபத்தொன்பது நொடிகள். தொலைக்காட்சியில் அதைக் கண்ட பிறகே உலகத்தார் பலர் இந்த விளையாட்டின் பெயரைக் கேட்டனர். நம் ஏழாவது விதி அங்கே இருந்திருந்தால், பத்து நிமிடக் கடிகாரத்தோடு ஒருவர் அருகில் நின்று அந்தப் பெண்ணை எண்ணிக்கொண்டிருப்பார்!

ஹவாயில் காலவரம்பு இல்லாமல் இல்லை. பதினேழு மணி நேரம். நள்ளிரவோடு கதவு மூடும். ஆனால் அக்கடைசி மணி நேரத்தில்தான் கூட்டம் திரளுகிறது. பகலிலேயே வென்று, குளித்து, உண்டு, இளைப்பாறிய முதல்வர்களும் கோட்டுக்குத் திரும்பி வந்து, கடைசியாய்த் தள்ளாடி வருவோரைக் கைதட்டி வரவேற்பது அங்கே வழக்கமாகிவிட்டது. மொத்தத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். நான் முதலில் கையொப்பமிடுகிறேன். நடுவழியில் நின்றவனை எண்ணாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனி எட்டாவது விதி. இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. ஏனெனில் என்னை மட்டுமன்று, அந்த நிக்கோபார் நண்பரையும் இது நீக்குகிறது. ‘உதவி கலந்தால் போட்டி கெட்டுவிடும், இது தனிமனித வலிமையைச் சோதிக்கும் விளையாட்டு’ என்று குழுத் தோழர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் அறியாமல் பேசவில்லை. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்ததை அவர் எடுத்துக்காட்டினார். முன்னணியில் ஓடிய ஜானி பிரவுன்லி வெப்பத்தால் தலைசுற்றித் தள்ளாட, பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் தம் வெற்றி வாய்ப்பை விட்டுத் தம்பியின் தோளைத் தாங்கி இழுத்துவந்து, கோட்டருகே அவரை முன்னால் தள்ளிவிட்டார். தம்பி இரண்டாமிடம், அண்ணன் மூன்றாமிடம். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷோமன் முதலிடம். உலகமே கண்கலங்கிற்று. ஆனால் எதிர்த் தரப்பினர் முறையிட்டார்கள். அன்றைய விதி அதற்கு இடம் கொடுத்ததால் முறையீடு நிற்கவில்லை. பின்னர் விதி இறுகிற்று: ஒருவர் மற்றவரை உடலால் தாங்கி முன்னேற்றக் கூடாது. 2019-இல் டோக்கியோவில் கைகோத்துக்கொண்டு ஒன்றாய்க் கோட்டைக் கடந்த ஆங்கிலேய வீராங்கனைகள் இருவரும் நீக்கப்பட்டனர். செயற்கையாய்ச் சமநிலை செய்யக் கூடாதாம்.

இவையெல்லாம் சரி. ஆனால் அதே உலக விதிப் புத்தகத்தின் அடுத்த பகுதியையும் தோழர் படித்திருக்க வேண்டும். போட்டியாளர் ஒருவர் மற்றொருவருக்கு உணவு, நீர், பம்பு, டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள் ஆகியவற்றைக் கொடுக்கலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. தன் வண்டியையோ சக்கரத்தையோ காலணியையோ கொடுத்துத் தானே நின்றுபோகும் வகையில்தான் கொடுக்கக் கூடாது. அதாவது, கொடு, கொடுத்துவிட்டு நீயும் ஓடு! முல்லைக்குத் தேர் ஈந்த பாரி இப்போட்டியில் கலந்துகொண்டால் வண்டியை முழுதாகக் கொடுத்த குற்றத்துக்காக நீக்கப்படுவான். ஒரு கொழுகொம்பை நட்டுவிட்டு மேலே சென்றிருந்தால் குற்றமில்லை. பாரியின் புகழ் அதனால் குறையுமே என்று நீங்கள் சொல்லலாம். அது தமிழாசிரியர்களுக்கு உரிய வழக்கு.

இவ்விதியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு 2008 அக்டோபரில் ஹவாயில் நடந்ததே சான்று. முன்னாண்டு வென்ற கிறிஸ்ஸி வெலிங்டன் முன்னணியில் பறந்துகொண்டிருந்தார். பஞ்சர் ஆயிற்று. டியூபை மாற்றினார், காற்றடைக்க வைத்திருந்த வாயுக் குப்பி வீணாயிற்று. உலக வீராங்கனை, சாலையோரத்தில், என்னைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பின்னால் வந்த ஆஸ்திரேலிய வீராங்கனை ரெபெக்கா கீட் தம்மிடம் இருந்த குப்பியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஏறத்தாழப் பத்து நிமிடம் இழந்த வெலிங்டன், ஒவ்வொருவராக எட்டிப் பிடித்து, இறுதியில் பதினைந்து நிமிட இடைவெளியில் வென்றார். ரெபெக்காவும் அப்போட்டியில் வெல்ல வந்தவர்தான். நம் எட்டாவது விதிப்படி, உலகச் சாம்பியனும் அவருக்குக் குப்பி கொடுத்தவரும் அன்று மாலை வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்க வேண்டும்!

என் கட்சியில் ஒரு பலவீனம் உண்டு. ‘எவ்வளவு இடறினாலும் விடாதே’ என்று ஊக்குவிப்பது சாலைக்குப் பொருந்தும், கடலுக்குப் பொருந்தாது. சாலையில் இடறியவன் நேரத்தை இழக்கிறான். கடலில் இடறியவன் உயிரை இழக்கக்கூடும். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தனை நாம் அறிவோம். 1971-இல் பாக்கு நீரிணையை ஒரே மூச்சில் இருமுறை கடந்தவர். நீச்சலோடு நில்லாது, 1979-இல் கொழும்புப் பூங்காவில் 187 மணி நேரம் இடைவிடாது மிதிவண்டி ஓட்டியவர். முப்போட்டி என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே பல போட்டிகளை ஓருடம்பில் சுமந்த தமிழர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் நீத்தார். அத்தகைய மறவனையே கடல் விடவில்லை. என்னைப் போல் தலை தூக்கி நீந்துகிறவனை விடுமா?

என் போட்டியன்று, நான் மிதவையை விட்டு விலகி இழுபட்டபோது என் அருகில் ஒரு தோணி இல்லை. உவர்நீர் முதலை உண்டு என்று பலகை நட்டு எச்சரிக்கும் தீவு இது. ஹேவ்லாக்கில் 2010-இல் கடலில் இறங்கிய ஓர் அயல்நாட்டுப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது. நான் கரை சேர்ந்தது என் திறமையால் அன்று. நம் மன்றத்தின் விதித்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். மிதிவண்டியில் நிற்பவனை நீக்க விதி இருக்கிறது. உதவுபவனை நீக்க விதி இருக்கிறது. பரிசளிப்பில் யார் மாலை போடுவது என்பதற்குக் கூட விதி இருக்கிறது. நீச்சல் பாதையில் எத்தனை தோணி, எத்தனை காவலர், ஓதம் எந்த நேரத்தில் என்பதற்கு ஒரு வரி இல்லை! கண்டிப்பு வேண்டும் என்று துடிக்கும் தோழர்களே, கண்டிப்பை அங்கே காட்டுங்கள். நீரில் தடுமாறுபவனை அவன் மறுத்தாலும் தூக்கித் தோணியில் போடுங்கள். அவன் பெயருக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்று எழுதுங்கள். அவன் ஒரு நாளும் வழக்காட மாட்டான்.

எனவே குழுவுக்கு நான் எழுத்தில் கொடுத்திருப்பது இது. ஏழாவதை எடுத்துவிட்டு மொத்தம் மூன்றரை மணி என்று ஒரே வரம்பு வைக்க வேண்டும். எட்டாவதை எடுத்துவிட்டு, போட்டியாளர் தமக்குள் டியூபும் பம்பும் நீரும் கொடுத்துக்கொள்ளலாம் என்று எழுத வேண்டும். புறப்படுமுன் ஒவ்வொருவரின் டயரையும் பிரேக்கையும் கண்ணாடிப் பட்டையையும் பார்த்து, தேறாதவரை அங்கேயே நிறுத்த வேண்டும். (இவ்விதியால் முதலில் அடிபடுபவன் நானாகத்தான் இருப்பேன்.) நீச்சலுக்கு ஓதம் நிற்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துத் தோணிகள் ஏற்பாடு செய்ய வேண்டும், ஓத அட்டவணையை நானே தருகிறேன், சுவரில்தான் இருக்கிறது. கடலில் இறங்கியவர் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ண இருவர் வேண்டும். ஒருவர் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. கோட்டைச் சுருட்டும் பொறுப்பை என்னிடம் விட்டுவிடுங்கள். ஷாதிபூர்க் கடைக்காரரும் அன்று ஒரு பெட்டி டியூபோடு வந்து, புறப்படுமுன் எல்லா வண்டிகளையும் பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். “ஓட்டம் தொடங்கினப்புறம் தொடமாட்டேன், பயப்படாத,” என்று சிரித்தார்.

இன்னொரு செய்தி. விருந்தினராகப் போட்டியிட வெளியாரையும் அழைக்கலாம் என்று மன்றம் அறிவித்திருப்பதால், அந்த நிக்கோபார் நண்பரை நான் அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாலையோரத்தில் யாரேனும் வெறுங்கையோடு நின்றால் அவர் இறங்குவார் என்பது எனக்கு உறுதி. எட்டாவது விதி பொங்கல் வரையில் அந்தப் பலகையிலேயே தொங்குமானால், அவரிடம் சென்று என் அழைப்பைத் திரும்பப் பெறும் வேலையை விதிக் குழுவினர் செய்யட்டும். முகவரி நான் தருகிறேன்.